ஸரந்தீபில் வாழ்ந்த எகிப்தியப் பாவலர்

ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்பு நகரை நோக்கி வடக்கே செல்லும் பெருவீதியிற் சிறிது தூரம் நடந்தால் காத்தான்குடி வந்துவிடும். மேற்கே வாவி, கிழக்கே கடல், இடையே வெண்மணல். தென்னைக்கே உரிய அந்த மணலில், காத்தான்குடியின் நடுவீதியில், பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்பதைப் புதிதாக வருவோர் வியந்து நோக்குவர். இது அவற்றின் தாயகமன்று. எனினும் அவை வேரூன்றி நிற்கின்றன.

அயல் மண்ணில் நிற்கும் பேரீச்ச மரத்தைப் பாடுபொருளாக்கிய வரலாறு அறபு இலக்கியத்தில் மிகப் பழையது. 750ஆம் ஆண்டில் டமாஸ்கசில் உமையாக்களின் அரசு வீழ்ந்தது. அக்குடும்பத்தில் உயிர்தப்பிய இளவரசர் அப்துர் ரஹ்மான் மேற்கே ஓடி, 756இல் ஸ்பெயின் நாட்டுக் கோர்தோவாவில் அரசமைத்தார். அங்கே தம் தோட்டத்தில் நின்ற ஒரு பேரீச்ச மரத்தைக் கண்டு, தம்மைப் போலவே அதுவும் பிறந்த மண்ணைப் பிரிந்ததென்று அவர் இரங்கிப் பாடினார். அன்று தொட்டு நாடிழந்தோர் பாடல் என்பது அறபு மொழியில் ஒரு தனித் துறையாகவே வளர்ந்துள்ளது.

அத்துறையிற் பிற்காலத்தில் தலைசிறந்து நிற்கும் பாடல்களிற் பல நமது இலங்கையிலே, கொழும்பிலும் கண்டியிலும் இருந்து பாடப்பட்டவை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவற்றைப் பாடியவர் எகிப்தின் முதலமைச்சராக இருந்தவர். நவீன அறபுக் கவிதைக்கு மறுமலர்ச்சி தந்தவரென்று அறபு நாட்டுப் பாடநூல்கள் போற்றுபவர். மஹ்மூத் சாமி அல்பாரூதி என்பது அவர் பெயர்.

வாளேந்திய குலம்

அல்பாரூதி 1839ஆம் ஆண்டு பிறந்தார். பழைய மம்லூக் ஆட்சியாளரின் வழிவந்த சர்க்காசியக் குடும்பம் அவருடையது. முன்னோருக்கு வருவாய் தந்த இதாய் அல்பாரூத் என்னும் ஊரின் பெயரே குடும்பப் பெயராயிற்று. ‘பாரூத்’ என்னும் சொல்லுக்கு வெடிமருந்து என்பது பொருள். பீரங்கிப் படையின் அதிகாரியாக விளங்கிய தந்தையார் சூடானிற் பணிபுரிகையிற் காலமானார். அப்பொழுது மகனுக்கு வயது ஏழு.

படைக் கல்லூரியிற் பயின்று 1855இல் வெளியேறிய இளைஞருக்கு உடனே தக்க பணி கிட்டவில்லை. அந்த ஓய்வே அவரைப் பழைய புலவர்களிடம் கொண்டு சென்றது. அக்காலத்து அறபுக் கவிதை சொல்விளையாட்டாகவும், எழுத்தெண்ணி ஆண்டு குறிக்கும் வித்தையாகவும், பெரியோரை வாழ்த்தும் சடங்காகவும் குறுகிக் கிடந்தது. ஆசிரியரிடம் இலக்கணமோ யாப்போ முறைப்படி கற்றுக் கவியெழுதியவர் அல்லர் அல்பாரூதி. பழம் பாடல்களைப் பிறர் படிக்கக் கேட்டும் தாமே படித்தும், அவற்றின் ஓசையையும் சொற்போக்கையும் உள்ளத்தில் ஏற்றிக்கொண்டவர். இதை நமக்கு எழுதிவைத்தவர் கண்பார்வையற்ற பேரறிஞர் ஹுசைன் அல்மர்சஃபீ. அவர் தம் இலக்கியப் பாடநூலில் அல்பாரூதியின் கவிதைகளைப் பழைய மேதைகளின் கவிதைகளுக்கு அருகே வைத்து ஒப்பிட்டுக் காட்டினார். காது வழியே மரபைக் கற்ற கவிஞரைக் கேள்வியே கல்வியாகக் கொண்ட அறிஞர் இனங்கண்டார் என்பது மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

பின்னர் இஸ்தன்பூலில் வெளிநாட்டலுவலகப் பணி. துருக்கி, பாரசீக மொழிப் பயிற்சி. 1863இல் கெதீவ் இஸ்மாயிலுடன் தாயகம் திரும்புதல். படைத்துறை கண்டறியப் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் செலவு. 1866இல் கிரேத்தத் தீவுப் போர். 1877இல் ருஷிய–துருக்கிப் போர். போர்க்களத்தில் நின்று போரைப் பாடிய கவிஞராதலின், ‘வாளுக்கும் எழுதுகோலுக்கும் உடையவர்’ என்னும் பட்டம் அவருக்கு வழங்கலாயிற்று. ஆயினும், கிரேத்தத் தீவில் அவர் போரிட்டது விடுதலைக்காக எழுந்த ஒரு மக்களை அடக்குவதற்கே என்பதை மறைத்தல் தகாது. பிற்காலத்திற் பேரரசொன்றினால் அடக்கப்பட்டவர் முற்காலத்தில் இன்னொரு பேரரசின் வாளாக இருந்தார். மனிதர் வாழ்வு பெரும்பாலும் இவ்வாறே முரண்பாடுகளாற் பின்னப்பட்டுள்ளது.

நான்கு மாதம் நிரம்பாத ஆட்சி

1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. எகிப்து உலகின் கண்ணுக்கு அழகாயிற்று, கடனுக்கோ அடிமையாயிற்று. 1875இல் கால்வாய்க் கம்பனியில் எகிப்துக்கிருந்த பங்குகளை ஏறத்தாழ 40 இலட்சம் பவுணுக்குப் பிரித்தானிய அரசு வாங்கிக்கொண்டது. 1876இல் நாட்டின் கடன் 9 கோடி பவுணைத் தாண்டி நின்றது. ஆங்கிலேயரும் பிரான்சியரும் வரவு செலவைக் கண்காணிக்கும் அதிகாரிகளாக வந்தமர்ந்தனர். உழவன் வரி கட்டினான்; வரி வட்டிக்குச் சென்றது. 1879இல் கெதீவ் இஸ்மாயில் நீக்கப்பட்டு, அவர் மகன் தௌபீக் பதவியேற்றார்.

இந்நிலையிலேதான் உழவர் குடியிற் பிறந்த படைத்தலைவர் அஹ்மத் ஒறாபியின் இயக்கம் எழுந்தது. 1881 செப்டெம்பர் 9ஆம் நாள் அவர் தம் படையுடன் அப்தீன் அரண்மனை முன் நின்று, மக்கள் சபையும் அரசமைப்பும் வேண்டுமென்று கெதீவிடம் கோரினார். அதன்பின் அமைந்த ஆட்சியில் அல்பாரூதி போர் அமைச்சர். 1882 பெப்ரவரி 4ஆம் நாள் அவரே முதலமைச்சரானார். ஒறாபி போர் அமைச்சரானார்.

பதவியேற்ற மூன்றாம் நாள், பெப்ரவரி 7ஆம் நாள், மக்கள் சபைக்கான அடிப்படைச் சட்டம் வெளிவந்தது. கடனுக்கென ஒதுக்கிய பகுதி தவிர்ந்த ஏனைய செலவை ஆராயும் உரிமையை அச்சட்டம் பிரதிநிதிகளுக்கு வழங்கிற்று. இன்று நமக்கு இது சிறிய உரிமையாகத் தோன்றலாம். தன் வீட்டுச் செலவைத் தானே எண்ணிப் பார்க்க விரும்பிய ஒரு நாட்டை, அதற்காகவே வல்லரசுகள் பகைத்தன என்பதை நோக்கும்போது, அதன் பெருமை விளங்கும்.

மே மாதம் பிரித்தானிய, பிரான்சியப் போர்க்கப்பல்கள் அலெக்சாந்திரியாவுக்கு முன் வந்து நின்றன. அமைச்சரவை விலகவேண்டும், ஒறாபி நாட்டைவிட்டு நீங்கவேண்டும் என இரு வல்லரசுகளும் இறுதி அறிவித்தல் விடுத்தன. அல்பாரூதியின் அமைச்சரவை விலகியது. நான்கு மாதம் நிரம்பவில்லை. ஜூலை 11ஆம் நாள் அலெக்சாந்திரியா மீது குண்டுகள் பொழிந்தன. செப்டெம்பர் 13ஆம் நாள் விடியற்காலையில் தெல் எல் கெபீரில் எகிப்தியப் படை தோற்றது. எழுபது ஆண்டுக்கு மேல் நீடித்த பிரித்தானியப் படைத்தங்கல் அன்று தொடங்கிற்று.

ஒறாபிக்காக வழக்காட இங்கிலாந்துக் கவிஞர் வில்பிரிட் பிளண்ட் பொருளுதவி செய்தார். புரோட்லி என்னும் வழக்கறிஞர் வாதாட வந்தார். 1882 டிசம்பரில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, உடனேயே அது ஆயுள் முழுவதும் நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. பதவியும் பட்டமும் பறிக்கப்பட்டன, உடைமைகள் கவரப்பட்டன. ஒறாபி, அல்பாரூதி, மஹ்மூத் பஹ்மி, யஃகூப் சாமி, அலி பஹ்மி, அப்துல் ஆல் ஹில்மி, துல்பா இஸ்மத் ஆகிய எழுவரும் செல்லவேண்டிய இடமாகக் குறிக்கப்பட்டது இலங்கை.

சிறையான சொர்க்கம்

1883 ஜனவரியில் அவர்களின் கப்பல் கொழும்புத் துறையை அடைந்தது. எழுவரையும் இலங்கை முஸ்லிம் மக்கள் அன்போடு வரவேற்றனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே, 1882 டிசம்பரில், கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ என்னும் தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். 1885இல் அவர் எழுதிய ‘அசன்பே சரித்திரம்’ இலங்கையில் எழுந்த முதற் தமிழ் நாவலாகும். அதன் தலைவன் எகிப்திற் பிறந்து பம்பாயில் வளர்ந்தவன். எகிப்தின் பெயர் இலங்கைத் தமிழ் வாசகர் நாவில் வழங்கிய காலம் அது. 1892இல் மருதானையிற் சித்திலெப்பையும் வாப்பிச்சி மரைக்காரும் நிறுவிய பாடசாலைக்கு ஒறாபி பாஷாவின் ஊக்கம் துணைநின்றது. அதுவே பின்னாளிற் சாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது.

ஒறாபியின் பெயரை இலங்கை மறக்கவில்லை. கண்டியில் அவர் வாழ்ந்த இல்லம் 1983 முதல் அவர் பெயரால் பண்பாட்டு நிலையமாக விளங்குகின்றது. அல்பாரூதியை நினைப்பவர் தொகையோ குறைவு. இதற்குக் காரணமும் உண்டு. ஒறாபி மக்களோடு கலந்து பழகும் தலைவர். அல்பாரூதி தனிமையை நாடும் பாவலர். தோல்விக்குக் காரணம் யார் என்ற பேச்சு எழுந்தபோது நாடுகடத்தப்பட்ட எழுவரிடையே மனக்கசப்பும் பிறந்தது. தம்முடன் வந்தோரைக் குறைகூறும் பாடல்களையும் அல்பாரூதி எழுதியுள்ளார். சில ஆண்டுகள் கொழும்பில் வாழ்ந்தபின் அவர் கண்டி மலைநாட்டுக்குப் பெயர்ந்தார்.

ஆங்கிலம் கற்றார், தம்மை நாடி வந்தோர்க்கு அறபு கற்பித்தார், உடன் வந்த யஃகூப் சாமியின் மகளை இங்கேயே மணந்தார். எனினும் அவருடைய உள்ளம் நைல் நதிக்கரையை விட்டு அகலவில்லை. ‘ஸரந்தீப்’ என்னும் பழைய அறபுப் பெயராலேயே அவர் இலங்கையை அழைத்தார். ஆதி மனிதர் ஆதம் சுவர்க்கத்திலிருந்து இறக்கப்பட்டபோது கால்பதித்த மலை ஸரந்தீபிலே உள்ளதென்பது முஸ்லிம் மரபு. அம்மரபின்படி நோக்கினால், முதன்முதல் நாடிழந்த மனிதர் வந்து சேர்ந்த இடமும் இத்தீவே ஆகும்.

நமது மலைகளின் அழகையும் மழையின் குளிர்ச்சியையும் வியந்து வாழ்த்தியிருப்பார் என்று எண்ணி அப்பாடல்களை அணுகுவோர் ஏமாற்றமடைவர். பெரும்பாலும் அவை தனிமையின் பாடல்கள். தூக்கமற்ற இரவின் பாடல்கள். நமது நாட்டை அவர் சிறையாகவே கண்டார். இதற்காக நாம் வருந்தவேண்டியதில்லை. பிறர் கட்டளையால் வந்து தங்கும் இடம் எத்துணை எழிலுடையதாயினும் அது சிறையே. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816இல் வேலூர்க் கோட்டைக்கும், கண்டியின் பேரமைச்சராக விளங்கிய எஹெலப்பொலையை 1825இல் மொரீசியசுக்கும் அனுப்பிய அதே ஆட்சிதான், எகிப்தின் முதலமைச்சரைக் கண்டிக்குக் கொணர்ந்தது. ஒருவருடைய தாயகம் மற்றவருக்குச் சிறை. கடல்களைத் தன் வசப்படுத்திய பேரரசுக்கு இது எளிய கணக்காக இருந்தது.

மரபு மெய்யான விதம்

அல்பாரூதி இலங்கைக்கு வந்து நெடுநாளாகுமுன் எகிப்தில் அவர் மனைவியார் இறந்த செய்தி கடல்கடந்து வந்தது. அவர் பாடிய இரங்கற்பா அறபு மொழியின் உயர்ந்த கையறுநிலைப் பாடல்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகின்றது. அறபு மரபிற் பெருங்கவிஞர்கள் மன்னருக்கும் வீரருக்கும் இரங்கற்பா பாடினர்; மனைவிக்குப் பாடியோர் சிலரே. முதலமைச்சராக இருந்தவர் தம் இல்லத்தரசியின் பிரிவை, தாயற்ற பிள்ளைகளின் துயரோடு சேர்த்து, நாணாது பாடினார்.

இன்னொரு பாடல் மகள் சமீராவைப் பற்றியது. இதனை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். பழைய அறபுக் கவிதையிற் காதலியின் நிழலுருவம் இரவிற் கனவில் வந்து தலைவனைக் காண்பதாகப் பாடுவது ஒரு மரபு. நூற்றாண்டுகள் பல அதனைத் திரும்பத் திரும்பப் பாடியதால் அது தேய்ந்த நாணயம் போலாகிவிட்டது. அல்பாரூதி அதே மரபைக் கையாண்டார். ஆனால், கடலையும் இருளையும் கடந்து ஸரந்தீபுக்கு வந்த நிழலுருவம் காதலியினுடையதன்று; தாம் விட்டுவந்த சிறுமகளினுடையது. வழக்கிழந்த துறையொன்று ஒரு தந்தையின் கண்ணீரால் மீண்டும் உயிர்பெற்றது.

பழையதைப் பின்பற்றினார் என்று அவரைக் குறைகூறுவோர்க்கு இதுவே விடை. பாழ்பட்ட பாசறையைக் கண்டு அழுதல், தூரத்து மின்னலைக் கண்டு ஊரை நினைத்தல், கனவில் வரும் உருவத்தோடு பேசுதல் ஆகிய இவையெல்லாம் கெய்ரோ மாளிகையிலிருந்து பாடுவோர்க்கு அணிகலன்களாக இருந்தன. நாடிழந்தவருக்கோ அவை அன்றாட வாழ்வின் செய்திகளாயின. நம் பாலைத்திணைப் பாடல்களைப் பாடசாலையிற் படித்து மனனம் செய்த ஒருவர், பின்னர் உண்மையாகவே உற்றாரைப் பிரிந்து கடல்கடந்து வாழ நேரும்போது அப்பாடல்கள் தமக்கென்றே பாடப்பட்டவை எனக் காண்பதில்லையா? அதனை ஒத்ததே இது.

முப்பது புலவர்

தம் துயரைப் பாடுவதோடு அவர் அமைந்துவிடவில்லை. அவரது ஏடுகளுள் மிகப் பெரியது அவர் பாடல்களின் தொகுதியன்று. பிறர் பாடல்களின் தொகுதி. ‘முக்தாராத்’ என்று பெயர்; ‘தெரிந்தெடுத்தவை’ என்பது பொருள். அப்பாசியர் காலத்துப் புலவர் முப்பதின்மரின் பாடல்களிலிருந்து ஏறத்தாழ 40,000 அடிகளை அவர் தேர்ந்து தொகுத்தார். அறவுரை, புகழ்ச்சி, இரங்கல், வருணனை, காதல், வசை, துறவு என ஏழு பகுப்பாக அவற்றை வகைப்படுத்தினார். நாடுகடந்த வாழ்வின் தனிமையிலேதான் இப்பணியை அவர் மேற்கொண்டார்.

தொகையின் முதலில் நிற்பவர் பஷ்ஷார் இப்னு புர்து, பிறவியிலேயே கண்ணற்றவர். சிறுவயதில் அம்மைநோயாற் பார்வையிழந்த அல்மஅர்ரீயும் அதில் உள்ளார். பைசாந்தியரிடம் சிறைப்பட்டுச் சிறையிலிருந்து பாடிய இளவரசர் அபூ பிராஸும் உள்ளார். இலங்கையில் இருந்த காலத்திலே தொகுப்பாளரின் கண்ணொளியும் படிப்படியாக மங்கிற்று. சிறையிலிருந்தவர் சிறைப்பட்டவரைத் தேர்ந்தார். பார்வை குன்றுபவர் பார்வையற்றவரைப் போற்றினார். இதனை வேண்டுமென்றே செய்தார் என்று நாம் கூறத் துணியோம். ஆயின் ஆயிரம் ஆண்டு இலக்கியத்தில் அவர் தனியராய் இருக்கவில்லை என்பது திண்ணம்.

நாட்டையும் பட்டத்தையும் செல்வத்தையும் இழந்த ஒருவர், தம்மிடமிருந்து எவராலும் பறிக்க முடியாத ஒன்றை எண்ணிப் பார்த்திருக்கிறார். அது மொழி. அம்மொழியில் முன்னோர் வைத்துப்போன செல்வத்தை வரிசைப்படுத்தி, வருவோர் கையில் ஒப்படைப்பதே இனித் தம் கடமை என்று கொண்டார்போலும்.

அதே ஆண்டுகளில் தமிழில்

இந்த ஆண்டுகளைத் தமிழிலக்கிய மாணவர் மற்றொரு காரணத்துக்காக நன்கறிவர். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். உ. வே. சாமிநாதையர் 1887இற் சீவக சிந்தாமணியையும், 1892இற் சிலப்பதிகாரத்தையும், 1894இற் புறநானூற்றையும் வெளியிட்டார். கண்டி மலையில் ஓர் எகிப்தியர் தம் மொழியின் பழம் புலவரைத் தொகுத்த அதே காலத்திலே தமிழகத்தில் நம் பழம் புலவர் ஏட்டுச்சுவடியிலிருந்து வெளிவந்தனர். ஒருவரையொருவர் அறியாது, ஒரே காலத்தில், ஒரே வகைப் பணி நடைபெற்றது.

வேற்றுமையும் உண்டு. நம் பதிப்பாசிரியர்கள் மறைந்தனவற்றைத் தேடினர், சிதைந்தனவற்றைச் செப்பனிட்டனர். அல்பாரூதி அறியப்பட்டிருந்தவற்றுள் உயர்ந்தன எவை என்று தேர்ந்தார். ஆனால் விளைவு ஒன்றே. அயலார் ஆட்சியிலே தன் மதிப்பை இழந்துகொண்டிருந்த மக்கள், தம் மொழியின் பழம்பெருமையைக் கையில் எடுத்துப் பார்க்கவும், அதன் வலிமையாற் புதியது படைக்கவும் இவர்கள் வழிசெய்தனர். தமிழிற் பாரதி தோன்றியது அதன்பின். 1908 முதல் பத்தாண்டு புதுச்சேரியில் நாடுகடந்து வாழ்ந்த பாரதி, ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற்பாகத்தை 1912இல் அங்கிருந்தே வெளியிட்டார் என்பதையும் இவ்விடத்து நினைத்தல் பொருந்தும். அறபு மொழியிலும் அல்பாரூதியைத் தொடர்ந்து அஹ்மத் ஷவ்கியும் ஹாபிஸ் இப்றாஹீமும் எழுந்தனர். ஷவ்கியும் முதல் உலகப் போர்க் காலத்தில் ஸ்பெயினுக்கு நாடுகடத்தப்பட்டார். கோர்தோவா இளவரசர் பேரீச்ச மரத்தைப் பாடிய அந்நாட்டிலேயே அவரும் பிரிவைப் பாடினார்.

ஏடுகள் அச்சேறிய வரலாறு

1899இல், கெதீவ் இரண்டாம் அப்பாஸின் மன்னிப்பைப் பெற்று அல்பாரூதி எகிப்து மீண்டார். பதினேழு ஆண்டை நெருங்கிய பிரிவு அது. எழுவரும் திரும்பவில்லை. அப்துல் ஆல் ஹில்மி 1891இற் கொழும்பிலும், மஹ்மூத் பஹ்மி 1894இற் கண்டியிலும் உயிர்நீத்தனர். தம் மாமனாராகிய யஃகூப் சாமியையும் அல்பாரூதி பின்விட்டே சென்றார். 1900இல் அவர் கண்டியிலேயே மறைந்தார். ஒறாபி 1901இல் தாயகம் சேர்ந்தார்.

திரும்பியவருக்குத் தம் நாட்டைக் காணக் கண்ணொளி இல்லை. நைல் நதியைக் காதாற் கேட்டார் என்றே சொல்லவேண்டும். அரசியலில் அவர் மீண்டும் புகவில்லை. அவர் இல்லம் இளங்கவிஞர் கூடும் அவையாயிற்று. ஷவ்கி, ஹாபிஸ், மத்ரான், இஸ்மாயில் சப்ரி முதலியோர் அங்கே வந்தனர். இருந்த சில ஆண்டுகளைத் தம் பாடல்களைத் திருத்துவதிலும் வேண்டாதவற்றைக் களைவதிலும் செலவிட்டார். 1904 டிசம்பர் 12ஆம் நாள் காலமானார். தம் நூல்களை அச்சிற் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

அவருக்குப்பின் துணைவியார் அவ்வேடுகளைப் பேணி அச்சுக்குக் கொடுத்தார். முக்தாராத் 1909இல் நான்கு பாகங்களாக வெளிவந்தது. 1915இற் கவிதைத் தொகுதியின் முதற் பதிப்பு வந்தது, அது முழுமையானதன்று. 1940 முதல் அலி அல்ஜாரிமும் முஹம்மத் ஷபீக் மஅரூபும் உரைக்குறிப்புடன் செம்மையான பதிப்பைத் தொடங்கினர். ‘ஸைனப்’ என்னும் நாவலை எழுதிய முஹம்மத் ஹுசைன் ஹைக்கல் அதற்கு முன்னுரை வழங்கினார். எஞ்சிய பாகங்கள் 1970களிலேயே வெளிவந்து நிறைவெய்தின. ஒரு கவிஞரின் தாள்கள் முழு நூலாக ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றன. இல்லத்தார் ஒருவரின் கவனமும் அறிஞர் சிலரின் பொறுமையும் இல்லையெனில் அவை காற்றோடு போயிருக்கும்.

அறபு மொழியிற் கவிதைத் தொகுதிக்குத் ‘திவான்’ என்று பெயர். தமிழர் நாம் அச்சொல்லை அரசின் தலைமை அமைச்சருக்கு வழங்கினோம். அரசலுவலகம் என்ற பொருளும் அதற்கு உண்டு. அல்பாரூதிக்கு இரு திவான்களும் வாய்த்தன. ஒன்று நான்கு மாதமும் நிலைக்கவில்லை. மற்றது நூற்றாண்டு கடந்தும் படிக்கப்படுகின்றது.

நமக்குரிய பணி

இவ்வரலாறு நமக்கு வேற்றூர்ச் செய்தியன்று. ஸரந்தீபுப் பாடல்கள் இந்நாட்டிற் பிறந்தவை. அவற்றைத் தமிழிற் பெறவேண்டிய உரிமையும் கடமையும் நமக்கே முதலில் உண்டு. காத்தான்குடியில் அறபு கற்ற அறிஞர்கள் உள்ளனர். ஆரையம்பதியிற் செய்யுள் நுட்பம் அறிந்த தமிழாசிரியர்கள் உள்ளனர். இரண்டு ஊருக்கும் இடையேயுள்ள தூரம் ஒரு நடைதூரம். 1980களின் நடுவிலும் 1990இலும் அத்தூரத்தை அச்சமும் குருதியும் எவ்வளவு நீட்டின என்பதை இப்பகுதி மக்கள் அறிவர். ஒரே மேசையில் அமர்ந்து, ஒருவர் அறபை விளக்க மற்றவர் தமிழில் அமைக்க, ஒரு கவிதையையேனும் மொழிபெயர்த்தால், அது மேடைப் பேச்சுக்கள் பலவற்றினும் பயனுடையதாகும்.

மற்றொரு பணியும் உண்டு. 1978 நவம்பர்ச் சூறாவளி, 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்த தீ, நெடும்போரின் இடப்பெயர்வுகள், 2004 டிசம்பர் ஆழிப்பேரலை என நம்மிடமிருந்து ஏடுகளைக் கொண்டுசென்றவை பல. கோயிற் காவியங்களும், வசந்தன் பாடல்களும், கூத்துக் கொப்பிகளும், அண்ணாவிமாரின் கையெழுத்துப் படிகளும் வீட்டுப் பெட்டகங்களில் இன்னும் எஞ்சியிருக்கலாம். காலமான ஆசிரியர் ஒருவரின் மேசை அறைக்குள் அச்சேறாத கவிதைகள் கிடக்கலாம். பழைய கடதாசி என்று எரிக்குமுன் ஒருமுறை விரித்துப் பாருங்கள், படியெடுத்து வையுங்கள், ஊர் நூலகத்துக்கு ஒன்று கொடுங்கள். மாணவர் இதனை ஒரு விடுமுறைப் பணியாகவே செய்யலாம்.

கண்டி மலையிற் பார்வை மங்கிய ஒருவர், தாம் திரும்பிச் செல்வோமா என்றறியாத நிலையில், தம் மொழிக்காக நாற்பதினாயிரம் அடிகளைத் தேர்ந்து வைத்தார். நாம் நம் சொந்த வீட்டில், கண்ணொளியோடு இருக்கிறோம். நம் வீட்டுப் பெட்டகத்தைத் திறப்பதற்குக் காலம் போதவில்லை என்று நாம் சொல்லலாமா?